பார்க் டவுனில் பார்க் எங்கே?

நமது கடையின் பில் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இராசப்ப செட்டித் தெருவானாலும், நைனியப்ப நாயக்கன் தெருவானாலும், தேவராஜ முதலி தெருவானாலும், தெருப் பெயருக்குக் கீழே 'பார்க் டவுன், சென்னை - 600 003' என்று அச்சாகியிருக்கும். தமிழ்ப் பற்றுள்ள சிலர் 'பூங்கா நகர்' என்று போட்டிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த விலாசத்தில்தான் சரக்கு பிடிக்கிறோம், விற்கிறோம், வரி கட்டுகிறோம். சென்ற மாதம் வேலைக்குச் சேர்ந்த திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன், "முதலாளி, பார்க் டவுன்னு போட்டிருக்கே, பார்க் எங்க இருக்கு?" என்று கேட்டான். கல்லாவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நமது தெருக்களுக்கு நடந்து வரும் எவரும் இந்தப் பேட்டையில் ஒரு பூங்காவைப் பார்க்க முடியாது. பார்ப்பதெல்லாம் கைவண்டியும், மினி லாரியும், தலையில் சிப்பத்தோடு வழி கேட்கும் தொழிலாளர்களும்தான்.

பூங்கா இருந்தது. சாமானியப் பூங்கா அல்ல. பரப்பு 116 ஏக்கர். நமது கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 2,100 கிரவுண்டு. அதற்குள் 11 குளங்கள் இருந்தன. உள்ளே வண்டி ஓடுவதற்கும் நடப்பதற்கும் போட்ட பாதைகள் ஐந்தரை மைல் நீளம். பாண்டு வாத்தியம் வாசிக்க மேடை, பொதுக் குளியலிடம், டென்னிஸ் ஆடுகளம், பின்னாளில் மிருகக்காட்சி சாலை. இன்றைய சென்ட்ரலுக்கு மேற்கே, ரிப்பன் கட்டடம், விக்டோரியா மண்டபம், மின்சார ரயில் நிலையம், நேரு ஸ்டேடியம் எல்லாம் நிற்கிற நிலம் அந்தப் பூங்கா நிலம்தான். 'பீப்பிள்ஸ் பார்க்' என்று பெயர். மக்கள் பூங்கா.

வருமான வரியும் பூங்காவும்

இதை உண்டாக்கியவர் சர் சார்லஸ் டிரெவெலியன். 1859 மார்ச்சில் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தவர். அந்நாளில் நமது முன்னோர்கள் குடியிருந்து வியாபாரம் செய்த பகுதிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'பிளாக் டவுன்', அதாவது கறுப்பர் பட்டணம். சுற்றிலும் மதில். உள்ளே நெருக்கமான வீடுகள், சந்துகள், கிடங்குகள், சாக்கடை. காற்று நுழைய வழியில்லை. காலராவுக்கு மட்டும் எப்போதும் வழி இருந்தது. அந்த மதிலைக் கட்டிய செலவுக்கு ஊர்க்காரர்களிடமே வரி கேட்டார்கள் என்பதால்தான் 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் வந்தது. இன்று அது வ.உ.சி. சாலை. அந்த வரி ஒழுங்காக வசூலானதேயில்லை என்று பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நமது ஆட்களின் சாமர்த்தியம் இன்று நேற்று வந்ததா?

இந்த நெரிசலில் உழல்கிற ஜனங்களுக்கு மதிலுக்கு வெளியே மரமும் தண்ணீரும் காற்றும் வேண்டும் என்று டிரெவெலியன் நினைத்தார். மேற்கே கிடந்த பெருநிலத்தை ஒதுக்கிப் பூங்கா அமைக்க ஏற்பாடு செய்தார். கவர்னர்கள் தங்களுக்குத் தோட்டம் போட்டுக்கொள்வது வழக்கம். ஊராருக்கு என்று போட்டதுதான் இதிலே விசேஷம்.

அவர் இங்கே இருந்தது ஓராண்டும் சில மாதங்களுமே. ஏன் போனார் என்பதை வணிகர்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1857 கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. கடனை அடைக்க ஜேம்ஸ் வில்சன் என்பவரை லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு நிதி மந்திரியாக அனுப்பினார்கள். அவர் 1860 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் வருமான வரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் 100க்கு 2, 500 ரூபாய்க்கு மேற்பட்டவர்கள் 100க்கு 4 கட்ட வேண்டும். இது இந்த நாட்டுக்கு ஒவ்வாத வரி, இங்குள்ள ஜனங்களைக் கலந்துகொள்ளாமல் போடுகிற வரி என்று டிரெவெலியன் ஆட்சேபித்தார். ஆட்சேபித்ததோடு நிற்கவில்லை. தமது எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். ஒரு கவர்னர் மேலிடத்தைப் பகிரங்கமாக எதிர்ப்பதா என்று லண்டன் கொதித்தது. 1860 ஜூனில் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். வரி மட்டும் உயிரோடிருந்தது. சில ஆண்டுகள் கழித்து இதே டிரெவெலியன் நிதி மந்திரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் காலத்தில்தான், 1865இல், அந்த முதல் வருமான வரி காலாவதியானது. பின்னால் வேறு உருவில் திரும்பி வந்த கதையை நமது ஆடிட்டர்கள் சொல்வார்கள்.

இதே மனிதர் அதற்கு முன்பு இங்கிலாந்தில் கஜானா அதிகாரியாக இருந்தபோது, அயர்லாந்துப் பஞ்சத்தில் கல்நெஞ்சமாக நடந்துகொண்டார் என்று அந்நாட்டார் இன்றும் அவரை மன்னிப்பதில்லை. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். நமது பட்டணத்தைப் பொறுத்தவரை, சௌகார்பேட்டைப் பக்கம் டிரிவிலியன் பேசின் தெரு என்று ஒரு தெருவுக்கு அவர் பெயர் தங்கியிருக்கிறது. பூங்காவில் தங்கவில்லை, பூங்காவே தங்கவில்லை.

முதல் துண்டு, இரண்டாம் துண்டு

பூங்கா ஒரே நாளில் போகவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு எடுத்துக்கொண்டதாகவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டும் ஒரு நல்ல காரியத்துக்காகவே வெட்டப்பட்டது. காரியங்களின் பட்டியலைப் பார்த்தால் எதை வேண்டாம் என்று நாம் சொல்லியிருப்போம் என்று திகைப்புத்தான் வருகிறது.

முதலில் மண்டபம். நாடகம் போடவும் பொதுக்கூட்டம் நடத்தவும் பட்டணத்தில் நல்ல இடமில்லை என்று 1882இல் பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. பெயரளவு வாடகையாகக் கிரவுண்டுக்கு எட்டணா. பெருக்கிப் பார்த்தால் 28 ரூபாய் 8 அணா. ராபர்ட் சிஷோம் வரைபடம் போட, தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி விக்டோரியா பப்ளிக் ஹால் என்று பெயர் வைத்தார்கள். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் பேசியது இங்கேதான். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை வருடக் கணக்கில் நாடகம் போட்டதும், பட்டணத்து ஜனங்கள் முதன்முதலாகச் சலனப்படம் கண்டதும் இங்கேதான். அப்படிப்பட்ட மண்டபத்துக்குப் பூங்காவில் மூன்று ஏக்கர் கொடுத்தது தவறு என்று யார் சொல்வார்கள்?

மண்டபம் எழுந்துகொண்டிருந்த அதே சமயத்தில் பூங்கா ஒரு பெரிய துக்கத்தையும் கண்டது. ஆண்டுதோறும் டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே 'பார்க் பேர்' என்ற கண்காட்சி நடக்கும். ஓலையும் மூங்கிலுமாகப் பந்தல்கள், கடைகள், வேடிக்கைகள். 1886 டிசம்பர் 31ஆம் நாள், ஜனக்கூட்டம் நிரம்பியிருந்த நேரத்தில் தீப்பிடித்தது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இத்தனை பேர் இறந்த இடம் என்பது இன்று அந்த வழியாக ரயிலுக்கு ஓடுகிற எவருக்கும் தெரியாது. தீபாவளிப் பட்டாசுக் கடையும் பொருட்காட்சிப் பந்தலும் போடுகிற நமது அன்பர்கள், தீயணைப்பு அனுமதி கேட்டால் சலித்துக்கொள்வதுண்டு. 1886ஐ நினைத்துக்கொண்டால் சலிப்பு வராது.

இரண்டாவது துண்டு நமக்காகவே வெட்டப்பட்டது. பிராட்வேயில் பாபம்ஸ் மார்க்கெட் என்று ஒரு சந்தை இருந்தது. நெரிசலும் அசுத்தமும் தாங்காமல் அதை வேறிடத்துக்கு மாற்ற நகரசபை தீர்மானித்தது. வேறிடம் என்றால் எது? பூங்காதான் சும்மா கிடக்கிறதே! நகரசபைத் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. அதன் கதைக்குப் பிறகு வருவோம்.

அடுத்தது நகரசபையின் சொந்தத் தேவை. அதுவரை எர்ரபாலு செட்டித் தெருவில் நமது கடைகளுக்கு நடுவே இருந்துகொண்டு வேலை பார்த்த நகரசபைக்கு இடம் போதவில்லை. 1909 டிசம்பரில் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். 1913 நவம்பரில் ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவைத்தார். செலவு ஏழரை லட்சம் ரூபாய். கட்டியவர் லோகநாத முதலியார். அதுதான் ரிப்பன் கட்டடம். பூங்காவைக் காக்க வேண்டிய நகரசபையே பூங்காவுக்குள் குடிவந்தது.

பிறகு தென்னிந்திய தடகளச் சங்கத்தாரின் மைதானம். பிறகு கார்ப்பரேஷன் ஸ்டேடியம். அங்கே 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் எடுத்தார்கள். அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. எங்கள் தந்தையார் கடையை மூடாமலே, கணக்குப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய் ஒருநாள் ஆட்டம் பார்த்ததாகச் சொல்வார்கள். கடையை விட்டு அவர்கள் வெளியே போனதாக எங்களுக்குத் தெரிந்த ஒரே வேலை நாள் அதுதான். ஸ்டேடியத்தை 1993இல் இடித்துப் பெரிதாகக் கட்டி நேரு ஸ்டேடியம் ஆக்கினார்கள்.

சிப்பம் கட்டும் வரை

சரித்திரம் இருக்கட்டும். பூங்காவினால் நமது வியாபாரத்துக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

1960களிலும் 1970களிலும் வெளியூர் வியாபாரி ஒருவர் சரக்குப் பிடிக்கப் பட்டணம் வருவதென்றால் அது ஒரு பயணம். அரக்கோணம், குடியாத்தம், வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரர்கள் காலை வண்டியில் சென்ட்ரலில் இறங்குவார்கள். செங்கற்பட்டு, விழுப்புரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பார்க் ஸ்டேஷனில் இறங்குவார்கள். எங்களுடையது நாட்டு மருந்துச் சரக்கு மொத்த வியாபாரம். சுக்கு, திப்பிலி, கடுக்காய், அதிமதுரம், சித்தரத்தை என்று ஐம்பது அறுபது உருப்படி கொண்ட சிட்டையை நீட்டுவார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, ருசி பார்த்து, விலை பேசி, நிறுத்துக் கட்டிச் சிப்பம் போட்டு, மேலே கோணி தைத்து மார்க்கா எழுதி, ரயில் பார்சலுக்கோ லாரி ஆபீசுக்கோ கைவண்டியில் அனுப்ப எப்படியும் நாலு மணி நேரம் ஆகும்.

வியாபாரிகள் பெரும்பாலும் தனியாக வர மாட்டார்கள். வீட்டுக்காரம்மாள், இரண்டு பிள்ளைகள், சில சமயம் மாமியார். கடையிலோ திண்ணையளவு இடம். அப்போது எங்கள் தந்தையார், "செட்டியாரே, சரக்கு கட்டி முடிக்கிற வரைக்கும் பிள்ளைகளை உயிர்க் காலேஜ் காட்டிட்டு வாங்க. வர்றப்போ பில் தயாரா இருக்கும்" என்பார்கள். கடைப் பையன் ஒருவன் கூடப் போவான். பல முறை அந்தப் பையனாக நாங்களே போயிருக்கிறோம். எழும்பூர் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர்க் காலேஜ்' என்றும் பட்டணத்தார் வைத்த பெயர்கள் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உண்மையில் இரண்டும் உடன்பிறப்புகள். 1855இல் எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர் மியூசியத்து வளாகத்திலேயே விலங்குகளை வைத்துக் காட்ட ஆரம்பித்தார். 1860களின் தொடக்கத்தில் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்து சேர்ந்தன.

உயிர்க் காலேஜைச் சுற்றிவிட்டு, குளத்தில் படகு பார்த்துவிட்டு, மரத்தடியில் கட்டுச்சோறு அவிழ்த்துச் சாப்பிட்டு, மூர் மார்க்கெட்டில் பிள்ளைக்கு ஒரு பொம்மையும் பெண்ணுக்கு வளையலும் வாங்கிக்கொண்டு அவர்கள் கடைக்குத் திரும்பும்போது மணி மூன்று. முகத்திலே களைப்பு இருக்காது. பில்லைப் பார்த்து அவ்வளவாகப் பேரமும் இருக்காது! அடுத்த தடவை, "நாங்களும் வர்றோம்" என்று வீட்டிலேயே பிடிவாதம் பிடிப்பார்களாம். குடியாத்தத்து வாடிக்கையாளர் ஒருவர், "சரக்கு வேலூரிலேயே கிடைக்குது முதலாளி, பிள்ளைங்க விட மாட்டேங்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். நமது மொத்த வியாபாரத்துக்கு அந்தப் பூங்கா ஒரு வரவேற்பறையாக இருந்தது. வாடகையில்லாத வரவேற்பறை. நமது பெரியவர்கள் விளம்பரத்துக்குச் செலவழித்ததில்லை. யானையும் ஒட்டைச்சிவிங்கியும் குரங்கும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

உயிர்க் காலேஜுக்கும் கெட்ட காலம் உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே காலியானபோது, கூண்டு உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடும் என்று சிங்கம், புலி, கரடிகளையெல்லாம் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் பாட்டனார் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுக் கடையைக் காத்துக்கொண்டு தனியாக இருந்தார்கள். இரவில் கேட்டுப் பழகிய சிங்கத்தின் சத்தம் திடீரென்று நின்றுபோனதுதான் குண்டு பயத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். போர் முடிந்து புதிய விலங்குகள் வந்தன.

மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். 1979இல் அங்கே வேலை தொடங்கி, 1985 ஜூலையில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய இடத்தில் புலி நாலடி நடந்து நாலடி திரும்பும். பார்க்கிற நமக்கே மூச்சு முட்டும். விலங்குகளுக்கு விடுதலை கிடைத்தது நல்லதே. ஆனால் விலங்கு போனால் மரத்தையும் குளத்தையும் மனிதர்களுக்கு விட்டுவைத்திருக்கலாம் அல்லவா? அதுதான் நடக்கவில்லை.

மூர் மார்க்கெட்

சிவப்புக் கட்டடம். வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவில் திறந்த முற்றம். உள்ளே போனால் கிடைக்காதது இல்லை என்பார்கள். கிராமபோன் தட்டு, பழைய கடிகாரம், கிளிக்கூண்டு, வண்ண மீன், பித்தளைச் சாமான், இராணுவத்தில் கழித்துப் போட்ட பூட்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய புத்தகம். பத்து ரூபாய் என்று சொன்னால் இரண்டு ரூபாய்க்குக் கேட்க வேண்டும் என்பது பட்டணத்துக் குழந்தைக்கும் தெரிந்த விதி. ஏமாற்று வேலையும் இருந்தது. மேலே நல்லதும் கீழே மட்டமுமாக மடித்துத் தருவார்கள். நமது மொத்தக் கடைக்காரர்கள் மூர் மார்க்கெட்காரர்களைச் சற்றுத் தாழ்வாகவே பேசினார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டாத புத்தகக் கடைக்காரர், எந்தப் பேராசிரியருக்கு எந்தப் பொருளில் புத்தகம் வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்து, கிடைத்த அன்றே எடுத்து ஒதுக்கி வைப்பார். மாதக் கணக்கில் காத்திருப்பார், வேறு ஆளுக்கு விற்க மாட்டார். வாடிக்கையைக் காப்பாற்றுவது என்பதை அவர்களிடம் நாம் கற்கலாம். முழுப் பாடப்புத்தகமும் புதிதாக வாங்க முடியாத எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் இன்று டாக்டராகவும் இன்ஜினீயராகவும் இருப்பது அந்தத் தாழ்வாரத்தின் புண்ணியம்.

சென்ட்ரலில் புறநகர் ரயில்களுக்கு இடம் போதவில்லை, மார்க்கெட் நிலம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. வியாபாரிகள் நகர மறுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சென்ட்ரல் வாசலில் கிடைக்கிற வாடிக்கை வேறெங்கே கிடைக்கும்? இந்த நிலையில் 1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது.

தீயைப் பற்றி அந்நாளில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். அவற்றையெல்லாம் இங்கே திரும்பச் சொல்வதால் பயனில்லை. மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தபோது முற்றம் முழுவதும் கருகிய காகிதம் மிதந்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். பழைய பாடப்புத்தகக்காரர்களுக்கு அதுதான் வருடத்தின் அறுவடைக் காலம். கடன் வாங்கிச் சரக்கை நிரப்பி வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர், நனைந்த சாம்பலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, பாதி எரிஞ்சதுன்னா பாதி விலைக்கு விப்பேன். எல்லாம் போச்சே" என்றார். அவரிடமோ, எங்களுக்குத் தெரிந்த மற்ற நாலைந்து பேரிடமோ இன்சூரன்ஸ் என்பதே கிடையாது. ஸ்டாக்குக்குக் கணக்கே எழுதாதவர் எதைக் காட்டி நஷ்ட ஈடு கேட்பார்? அந்த மாதம் எங்கள் தெருவில் பல கடைகள் முதன்முதலாகத் தீ இன்சூரன்ஸ் எடுத்தன. எங்கள் கடையும் அதில் ஒன்று.

எரிந்த கட்டடம் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. ரயில்வேயார் அதற்கு 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் பழைய மார்க்கெட்டின் சிறு மாதிரிக் கட்டடம் ஒன்றும் கட்டி வைத்திருக்கிறார்கள். கோயில் இடித்த இடத்தில் கொலு வைத்தது போல.

வியாபாரிகளுக்கு மாற்று இடமாக ரிப்பன் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு வணிக வளாகம் கிடைத்தது. அதன் பெயர் அல்லிக்குளம் வளாகம். ஆம், டிரெவெலியன் பூங்காவில் அல்லி பூத்த குளம்தான் அது. குளத்தைத் தூர்த்துக் கடை கட்டினார்கள். அதே வளாகத்தில் பின்னாளில் கோர்ட்டுகளும் வந்தன. ஆக, சந்தைக்காக ஒருமுறை, சந்தை போனதற்காக மறுமுறை என்று நம் வணிகர்களின் பெயரில் இரண்டு தடவை பூங்கா வெட்டுப்பட்டிருக்கிறது. ரயில்வே எடுத்துக்கொண்டது, கார்ப்பரேஷன் எடுத்துக்கொண்டது என்று பேசுகிறபோது இந்தப் பற்றையும் பேரேட்டில் எழுதியாக வேண்டும்.

மிச்சம்

கூட்டிக் கழித்தால் மிச்சம் என்ன? ரிப்பன் கட்டடம் நூறு வருடத்தைக் கடந்து கம்பீரமாக நிற்கிறது. விக்டோரியா மண்டபத்தின் 99 வருடக் குத்தகை 1980களின் நடுவில் முடிந்து, வழக்கு வம்பு என்று இழுபட்டு, மண்டபம் பல காலம் பாழாகக் கிடந்தது. அண்மை ஆண்டுகளில்தான் மாநகராட்சி அதைப் பெருஞ்செலவில் பழுதுபார்த்தது. அவற்றின் முன்னாலும் பக்கத்திலும் இருந்த திறந்தவெளியில் மெட்ரோ ரயில் வந்தது. 2018 மே மாதம் முதல் சென்ட்ரலின் கீழே வண்டி ஓடுகிறது. மெட்ரோவினால் நமக்கு நன்மை உண்டு, மறுக்கவில்லை.

தோட்டம் என்று சொல்லத்தக்கதாக மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா ஒன்றுதான். ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால், நேரு ஸ்டேடியத்துக்கு அருகே இருக்கிறது. ஒரு காலத்தில் மலர்க் கண்காட்சி நடந்த இடம். நமது உறுப்பினர்களில் பாதிப் பேராவது அதற்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். கடையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லாரி நிறுத்த இடமில்லை, சரக்கு இறக்க இடமில்லை, வாடிக்கையாளர் கார் நிறுத்த இடமில்லை என்று நாம் கூட்டத்துக்குக் கூட்டம் முறையிடுகிறோம். முறையீடு நியாயமானது. 1996இல் கொத்தவால் சாவடிக் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் நமது தெரு நெரிசல் தீரவில்லை. ஆனால் இடம் எங்கே என்ற பேச்சு வரும்போதெல்லாம், "அந்தப் பூங்கா சும்மாதானே கிடக்கு" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. 1898இலும் இதைத்தான் சொன்னார்கள். பூங்கா என்றால் சும்மா கிடப்பதுதான் அதன் வேலை. அறுபது கிலோ மூட்டையைக் காலையிலிருந்து சுமக்கிற தொழிலாளி மத்தியானத்தில் கைவண்டிக்கு அடியில் சுருண்டு படுக்கிறாரே, அவருக்கு இந்தப் பேட்டையில் ஒரு மரத்தடி இல்லை. வெளியூரிலிருந்து வரும் தாய்மார்கள் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. அவர்கள் இப்போது வருவதே குறைந்துவிட்டது. போனில் ஆர்டர், வங்கியில் பணம், லாரியில் சரக்கு. வியாபாரம் நடக்கிறது, வாடிக்கையாளரின் பிள்ளைக்கு என்ன பெயர் என்பது மட்டும் தெரிவதில்லை.

ஆகவே வண்டி நிறுத்துமிடம் கேட்டு நமது சங்கம் மனுக் கொடுக்கும்போது, அதில் மை லேடீஸ் பூங்காவின் ஓர் அடியைக்கூடக் கேட்கவில்லை என்று தெளிவாக ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. செயற்குழுவில் இதை வைத்திருக்கிறோம். மாறுபட்ட கருத்துடைய அன்பர்கள் அடுத்த கூட்டத்துக்கு வந்து பேசலாம். அதே மனுவில், வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து ஈவ்னிங் பஜார் வரை எங்கெல்லாம் நடைபாதையில் மரம் வைக்க இடமிருக்கிறதோ அதையும் குறித்துக் கொடுத்தால் நல்லது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பை எதிரிலிருக்கும் கடை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். பீப்பிள்ஸ் பார்க்கிலோ உயிர்க் காலேஜிலோ எடுத்த குடும்பப் படங்கள், மூர் மார்க்கெட் கடைகளின் பழைய ரசீது, பார்க் கண்காட்சியின் நோட்டீஸ், அங்கே கடை வைத்திருந்த பெரியவர்களின் கணக்குப் புத்தகம், இவை எதுவானாலும் வைத்திருக்கும் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்களிடம் இருப்பது 1971இல் யானைக் கொட்டடி முன்பு எடுத்த ஒரே ஒரு படம். அதில் குடியாத்தத்து வாடிக்கையாளர் குடும்பமும், பக்கத்தில் அரைக்கால் சட்டையோடு நாங்களும் நிற்கிறோம். அசலை யாரும் விட்டுச் செல்ல வேண்டாம். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறோம்.